தலைவர் மாறுவார், டேங்க் ஆபரேட்டர் இருப்பார்

ஊராட்சிப் பயிற்சி என்றாலே ஒன்றிய அலுவலகக் கூட்டரங்கு, முன்வரிசையில் துண்டு போட்ட நாற்காலிகள், ஒரு புரொஜெக்டர், பதினொரு மணிக்கு டீ, மதியம் சாப்பாடு, கையெழுத்துப் போட்டால் பயணப்படி, போகும்போது ஒரு பையும் கையேடும். தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கிராம ஊராட்சிகள். ஒரு தேர்தல் முடிந்தால் தலைவர், வார்டு உறுப்பினர் என்று லட்சம் பேருக்கு மேல் பொறுப்புக்கு வருகிறார்கள். இத்தனை பேருக்கும் சில மாதங்களுக்குள் ஏதாவது சொல்லியாக வேண்டுமென்றால் கூட்டரங்கை விட்டால் வேறு வழி இல்லை. அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். மறைமலைநகரில் உள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனமும், பவானிசாகர், பட்டுக்கோட்டை போன்ற ஊர்களில் உள்ள மண்டல மையங்களும் பாடம் தயாரித்துப் பயிற்றுநர்களைப் பழக்கி அனுப்புகின்றன. அப்படிப் பழகி, பல வருஷம் மைக் பிடித்து நின்றவர்களில் நானும் ஒருவன்.

எல்லாப் பயிற்சியும் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில்தான் ஆரம்பிக்கும். 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது, பதினொன்றாம் அட்டவணையில் 29 துறைகள், 1994-இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் என்று வரிசையாகப் போகும். தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் மனசில் ஓடுவது வேறு. "எங்க தெருவுல பத்து நாளா தண்ணி வரல. அதுக்கு நான் யார்கிட்ட என்ன எழுதிக் கொடுக்கணும்?" 29 துறைகளைக் கேட்டு முடித்து வீட்டுக்குப் போகும்போதும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கும்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. நாம் கற்றுக்கொடுப்பதெல்லாம் ஐந்து வருஷத்தில் பதவியை விட்டுப் போகிறவர்களுக்கு. இடஒதுக்கீடு சுழற்சியில் மாறும்போது, நன்றாகத் தேறிய தலைவருக்கு மறுபடி நிற்கவே வழி இருக்காது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது, அதுவும் 27 மாவட்டங்களில். மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் (ஒன்று பிரிந்ததால் இப்போது 28) 2025 ஜனவரி 5-உடன் பதவிக்காலம் முடிந்து மறுபடியும் அதே கதை. தலைவரிடம் மட்டும் கொடுத்து வைத்த திறமை தலைவரோடு போய்விடும். ஊரில் நிற்கிற ஆட்களிடம் அதை எப்படி இறக்கி வைப்பது? எனக்கு இந்த வேலையில் உருப்படியாகப் பிடிபட்டதெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

முதலில் கையேட்டை மூடிவிட்டு, அவரவர் ஊராட்சிக் காகிதத்தைக் கொண்டுவரச் சொல்ல ஆரம்பித்தேன். அதிலும் மின்கட்டண ரசீது. தீர்மானப் புத்தகத்தையோ வரவு செலவுப் பதிவேட்டையோ கேட்டால் செயலர் முகம் சுருங்கும். ஏதோ தணிக்கைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைப்பார். ஈ.பி. பில் என்றால் யாருக்கும் பயமில்லை. ஆனால் ஊராட்சிச் செலவில் கணிசமான பங்கு அங்கேதான் போகிறது. அதற்கென்றே இரண்டாம் எண் கணக்கு என்று தனி வங்கிக் கணக்கு இருப்பது பல வார்டு உறுப்பினர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியவரும்.

ஆறு மாத பில்களைத் தரையில் பரப்பி ஒரு பட்டியல் போடுவோம். இணைப்பு எண், அது எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை குதிரைத்திறன் மோட்டார், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது. கணக்கு ரொம்ப எளிது. ஒரு எச்.பி. என்பது சுமார் 0.75 கிலோவாட். 7.5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட 5.6 யூனிட். தினம் ஐந்து மணி நேரம் என்றால் மாதம் 840 யூனிட். மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். பில்லில் அதற்கு இரண்டு மடங்கு காட்டினால் எங்கோ கோளாறு: மோட்டார் பழசு, அல்லது குழாயில் கசிவு, அல்லது சொன்ன நேரத்தைவிட அதிகமாக ஓட்டுகிறார்கள்.

ஒரு பயிற்சியில் வயதான வார்டு உறுப்பினர் அம்மா ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு பில்லையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இந்த நம்பரு எந்த மோட்டாரு?" செயலருக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், ஏரிக்கரைப் பக்கம் இருந்த போர்வெல். "அது வத்திப்போயி எத்தனையோ வருசமாச்சே! மோட்டாரக் கூட கழட்டியாச்சு." இணைப்பு மட்டும் அப்படியே இருந்து, தவறாமல் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனால் அந்த அம்மா அன்றைக்குக் கேட்ட தொனி இருக்கிறதே, அதற்குப் பிறகு அந்த ஊராட்சிக் கூட்டத்தில் யாரும் செலவுப் பட்டியலை வாசிக்காமல் தீர்மானம் போட முடியவில்லை. அவருக்கு மூன்றாம் வகுப்பைத் தாண்டிப் படிப்பு கிடையாது. எண் தெரியும், ஊர் தெரியும். அந்த வேலைக்கு வேறென்ன வேண்டும்?

ஓடந்துறையைப் பற்றிப் பயிற்சிகளில் அடிக்கடி சொல்வார்கள். கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையம் பக்கம் இருக்கும் அந்த ஊராட்சி, 2006-இல் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவியது. செலவு சுமார் ஒரு கோடியே 55 லட்சம் ரூபாய். அதில் பெரும்பகுதி வங்கிக் கடன். எல்லோரும் காற்றாலைப் படத்தைக் காட்டிவிட்டு, நீங்களும் செய்யலாம் என்று முடித்துவிடுவார்கள். கேட்பவர்களுக்கு மலைப்பாக இருக்கும், பின்வரிசையில் சிரிப்பும் வரும். அந்த யோசனைக்கு வித்தே மின்கட்டணச் சுமைதான் என்பதை நான் முதலில் சொல்வேன். மின்கட்டணத்தை யூனிட் யூனிட்டாகப் பார்க்கத் தெரிந்த ஊராட்சிதான் கடன் வாங்கும் துணிச்சலுக்குப் போக முடியும். நம் ஊரில் காற்றே வீசாமல் போகலாம். பில் வராமல் போகாது.

இப்போது டேங்க் ஆபரேட்டர் கதைக்கு வருகிறேன். எனக்குக் கண் திறந்த இடம் அது.

குடிநீர்ப் பயிற்சி என்று அறிவித்தால் யார் வருவார்கள்? தலைவர் வருவார், செயலர் வருவார், வட்டார அலுவலகத்திலிருந்து ஒருவர் வருவார். மேல்நிலைத் தொட்டியில் ஏறி ப்ளீச்சிங் பவுடர் கலக்குகிற ஆள் வரமாட்டார். அவரை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அன்றைக்கு யார் தண்ணீர் திறந்துவிடுவது என்ற கேள்வி வேறு. அதனால் நாங்கள் அவர் இருக்கும் இடத்துக்கே போனோம். விடிகாலையில், அவர் மோட்டார் போடும் நேரத்தில்.

"அண்ணே, பவுடர் எவ்வளவு போடுவீங்க?"

"ரெண்டு கை அள்ளிப் போடுவேன் சார். மழைக்காலம்னா மூணு."

அவர் கையை நான் குறை சொல்லவில்லை. அளவு சொல்லித் தரவேண்டியவர்கள் யாரும் அவரிடம் ஒரு அளவைச் சொன்னதே இல்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பவுடரில் கால்வாசி, அதாவது 25 சதவீதம் குளோரின் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1,000 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பிறகு கடைத்தெரு மளிகைக்கடைத் தராசில் 120 கிராம் எடை போட்டு, ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் கொட்டி, மட்டம் வந்த இடத்தில் ஆணியால் கோடு கிழித்தோம். அந்தக் கோடுதான் எங்கள் பாடப்புத்தகம். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக்கூடாது. வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, அடியில் சுண்ணாம்பு தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். ஊற்றிய பின் அரைமணி நேரமாவது கழித்துத்தான் திறந்துவிட வேண்டும். இந்த அரைமணிக் காத்திருப்பில்தான் பெரும்பாலான ஊர்களில் சண்டையே. "குடத்தோட நிக்கிறாங்க சார், எப்படிக் காத்திருக்கிறது?" ஆக, மோட்டார் போடும் நேரத்தை முன்னால் நகர்த்தினோம். அதற்கு மும்முனை மின்சாரம் எப்போது வருகிறது என்று பார்த்து நேரம் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு டம்ளர் அளவு சொல்லிக்கொடுக்கப் போய், மின்சார நேரம் வரை பேச வேண்டி வந்தது.

மூட்டையைத் திறந்து வைத்திருந்தால் பவுடரின் வீரியம் நாளுக்கு நாள் குறையும் என்பதையும் அங்கேதான் பேசினோம். பம்ப் ரூமில் ஈரத்தரையில் சாய்த்து வைத்திருந்த மூட்டையை மூடிபோட்ட டிரம்முக்கு மாற்றினார். யாரும் உத்தரவு போடவில்லை. காரணம் புரிந்தால் மனிதர்கள் தாங்களாகவே செய்கிற வேலைகள் நிறைய இருக்கின்றன.

பிறகு கடைசிக் குழாய்க்குப் போனோம். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனை கற்றுத்தர வேண்டும் என்று உண்டு. பல ஊர்களில் அதற்குக் கொடுத்த பரிசோதனைப் பெட்டி பீரோவுக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கும். மகளிர் குழுப் பெண்கள் அதை எடுத்து வந்து தொட்டியடிக் குழாயில் பார்த்தார்கள். நல்ல மஞ்சள் நிறம், அதாவது குளோரின் இருக்கிறது. நடுத்தெருவில் வெளிர் மஞ்சள். கடைசித் தெருவில் நிறமே இல்லை, வெறும் தண்ணீர். கடைசித் தெரு எந்த மக்களின் தெரு என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"தண்ணியே அரைக்குடம்தான் வருது. அதுல மருந்து வேற வருதா இல்லையான்னு பாக்குறீங்களாக்கும்" என்றார் அங்கே இருந்த ஒரு அக்கா. நியாயமான பேச்சு. அழுத்தம் குறைந்து, குழாயில் காற்று இழுத்து, சாக்கடை ஓரமாகப் போகும் இணைப்பில் கசிவு இருந்தால் குளோரின் எங்கே மிஞ்சும்? கிராம சபையில் அந்தக் குழு மூன்று சோதனைக் குழாய்களையும் மேசைமேல் வரிசையாக வைத்தது. நடுவிலிருந்து கடைசித் தெருவுக்குத் தனிக் குழாய் போட வேண்டும் என்ற கோரிக்கை அதற்கு முன்னும் பலமுறை வாய்வார்த்தையாக வந்துபோனதுதான். இந்த முறை தீர்மானமாக ஏறியது. வேலை முடிய நாள் பிடித்தது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தப் பெண்கள் இன்றைக்கும் குழாயைப் பார்த்துக் குறித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தலைவர் மாறினார், தனி அலுவலர் வந்தார், நோட்டு நிற்கவில்லை.

தீர்மானம் என்று சொன்னதால் ஒரு சின்ன விஷயம். கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் நடந்து வந்தது. மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து இப்போது ஆறு. குறைந்தபட்ச வருகை மக்கள்தொகையைப் பொறுத்தது. கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கம் பற்றி நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. நாங்கள் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று, தீர்மானத்தை எழுதும் விதம். "குடிநீர் வசதி செய்து தர வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால் அது எங்கேயும் போகாது. எந்தத் தெருவில், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை வீடுகளுக்கு, எந்த நிதியில், எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்ற ஆறும் இருந்தால் அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று கேட்கலாம். நிதி எது என்று எழுதத் தெரிய வேண்டுமானால் பணம் எப்படி வருகிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரத்துக்கென்று கட்டிப் போடப்பட்டது. மீதி 40 சதவீதத்தில்தான் ஊருக்கு விருப்பம். இந்த ஒரு வரியைச் சொன்னால், "ரோட்டுக்குப் பணமில்லை" என்பதும் "தண்ணீருக்குப் பணமில்லை" என்பதும் ஒரே பதில் இல்லை என்று ஊருக்குப் புரிந்துவிடும்.

அளவு எடுப்பதும் அப்படித்தான். சிமென்ட் ரோடு போட்டால் நீளம், அகலம், கனம் மூன்றையும் பெருக்கினால் கனமீட்டர். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்றால் 45 கனமீட்டர். ஓவர்சியரின் அளவுப் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் இதுவும் ஒத்துப் போகிறதா என்று பார்க்க இன்ஜினியரிங் படிக்க வேண்டாம், டேப் பிடிக்கத் தெரிந்தால் போதும். ஒரு ஊரில் இளைஞர்கள் கான்கிரீட் போடும்போதே ஓரத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தார்கள்; கனம் குறைவு. ஒப்பந்தக்காரர் என்னைத் தேடி வந்து, "பயிற்சின்னு சொல்லி ஊரைக் கெளப்பி விடுறீங்களா?" என்று கேட்டார். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் ஓவர்சியர் வந்து அளந்து அந்தப் பகுதியைத் திரும்பப் போட வைத்தார். அவருக்கும் இது வசதி. ஊரே அளக்கிறது என்றால் அவர்மேல் வரும் நெருக்கடி குறையும். வட்டார அலுவலகப் பொறியாளர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசாமல் ஊரில் இதைத் தொடங்கியிருந்தால் முதல் நாளே பகையாகியிருக்கும். ஊருக்கு அளக்கக் கற்றுக்கொடுக்கும் முன், அளக்கப்படப் போகிறவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. இது பணிவுக்காகச் சொல்வதில்லை, வேலை நடக்க வேண்டுமே!

பெண் தலைவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2016-இல் தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு சட்டமானது. பயிற்சி நாளன்று வாசலில் பைக் நிற்கும். தலைவர் உள்ளே, 'தலைவர் வீட்டுக்காரர்' அவருக்கு முன் வரிசையில். வெளியே போங்கள் என்று சொன்னால் சண்டை, சொல்லாவிட்டால் அவர்தான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வார். நாங்கள் கண்டுபிடித்த வழி, அவருக்குப் பதில் தெரியாத கேள்விகளாகக் கேட்பது. எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது? அங்கன்வாடியில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? ரேஷன் கடையில் எந்த நாள் கூட்டம்? முன்வரிசை தானாக அமைதியாகிவிடும். பின்வரிசை பேச ஆரம்பித்துவிடும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு தொடங்கி, அவர்கள் திரும்பும் முன் முடிக்கும் பயிற்சிக்கு வரும் பெண்கள் வேறு. காலை முதல் மாலை வரை வைக்கும் பயிற்சிக்கு வரும் பெண்கள் வேறு. இரண்டாவதில் வருவதே அரிது.

இன்னொன்றையும் அவர்களிடம் நேராகக் கேட்போம். பணம் விடுவிக்கும் டிஜிட்டல் கையொப்பச் சாவி, அந்த பென் டிரைவ் மாதிரி இருக்குமே, அது யாரிடம் இருக்கிறது? "செயலர்கிட்ட", "இவர்கிட்ட" என்று பதில் வரும். முன்பெல்லாம் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்த இரண்டாவது கையெழுத்தை வைத்தே பல ஊர்களில் நிர்வாகம் முடங்கியிருக்கிறது. எனவே தலைவர், துணைத் தலைவர், செயலர் மூவரையும் தனித்தனி நாளில் கூப்பிடுவதை நிறுத்தச் சொன்னேன். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே பில்லை எடுத்து, அது நுழைந்து பணமாக வெளியேறும் வரை ஒவ்வொரு படியிலும் யார் கை வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போதுதான், "நான் நிறுத்தி வெச்சேன்னு நீங்க நெனச்சீங்களா? எனக்கு வரவே இல்லையே!" போன்ற வாக்கியங்கள் வெளியே வருகின்றன. பாதி மனஸ்தாபம் நடைமுறை தெரியாததால் வந்தது. மீதிப் பாதி வேறு.

அந்த மீதிப் பாதியைப் பற்றிப் பயிற்சித் துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் பேச வேண்டும். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியானது. அதற்கு முன் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996-இலிருந்து பத்து வருஷம் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்குத் தேர்தலே ஒழுங்காக நடக்கவிடவில்லை, 2006-இல்தான் நடந்தது. இவையெல்லாம் திறன் குறைபாடா? இதற்கு 'தலைமைப்பண்புப் பயிற்சி' என்று ஒரு நாள் வகுப்பு எடுத்து ரிப்போர்ட் எழுதினால் அது ஏமாற்று. அந்தத் தலைவருக்கு வேண்டியது நாற்காலி. அதைப் பெற்றுத் தர மாவட்ட ஆட்சியருக்கும் காவல்துறைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. பயிற்றுநர் செய்ய முடிந்தது, எங்கே புகார் கொடுப்பது, எதை எழுத்தில் வைத்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்து, கூடவே நிற்பது. திறன் இல்லை என்று சொல்லி அதிகாரமில்லாததை மூடிவைக்கிற பழக்கம் எங்கள் துறையில் அதிகம்.

கேரளத்தை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள், நானும் காட்டுவேன், ஆனால் வேறு காரணத்துக்காக. 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். பணத்தை முதலில் கொடுத்துவிட்டுத் திறனை வேலையோடு வேலையாக வளர்த்தார்கள். நம்மிடம் தலைகீழ்: திறன் வரட்டும், பிறகு அதிகாரம் பார்க்கலாம் என்போம், வராது, ஏனென்றால் பழகுவதற்கு வேலையே இருக்காது. நீச்சல் தெரிந்த பிறகு கிணற்றில் இறங்கச் சொல்வதுபோல. அங்கே செய்த இன்னொரு காரியமும் எனக்குப் பிடிக்கும். ஓய்வு பெற்ற பொறியாளர்கள், ஆசிரியர்கள், அலுவலர்களைத் தொண்டர்களாகச் சேர்த்துத் திட்டங்களைச் சரிபார்க்க வைத்தார்கள். இதை எந்த ஊரிலும் செய்யலாம். ஓய்வு பெற்ற மின்வாரிய லைன்மேன் ஒருவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், மகளிர் குழுவில் வருஷக்கணக்காகக் கணக்கு எழுதும் ஒரு பெண், இந்த மூன்று பேர் இல்லாத ஊரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் அவர்களை ஒரு பயிற்சிக்கும் யாரும் அழைப்பதில்லை, பட்டியலில் அவர்களுக்குப் பதவிப் பெயர் இல்லை என்பதால்.

வாத்தியார்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சிலர் பேசவே ஆரம்பித்துவிடுவார்கள், நிறுத்த முடியாது. அவர்களிடம் கால்குலேட்டரையும் ஒரு ரசீதுக் கட்டையும் கொடுத்துவிட வேண்டும்.

கிராம வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலை பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. ஊராட்சித் திட்டங்களுக்கான மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய கடைசித் தேதி நெருங்கும்போது கணினி தெரிந்த ஒருவர் போன வருஷப் பட்டியலைத் திருத்தி ஏற்றிவிடுவார். தளம் 2020 ஏப்ரலில் வந்தது. அதற்கு முன் காகிதத்தில் இதையேதான் செய்தோம். தேதிக்கு இரண்டு மாதம் முன்பே ஊரைச் சுற்றி ஒரு நடை போனால் போதும். தரையில் வண்ணப்பொடியால் ஊர் வரைபடம் போடுவதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் போட்டோ எடுத்த பிறகு யாரும் அதைப் பார்ப்பதில்லை.

வகுப்புக்கு அப்புறம் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாட்ஸ்அப் குழு வைத்தோம். வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் மூழ்கடித்துவிட்டன. பிறகு ஒரு விதி வைத்தோம்: படம் இல்லாமல் பதிவு இல்லை. பில் படம், குழாய் படம், தீர்மானப் பக்கத்தின் படம். கேட்கும் கேள்விக்கு அந்தப் படத்தைப் பார்த்து இன்னொரு ஊராட்சிச் செயலரே பதில் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்து ஒன்றியத்து டேங்க் ஆபரேட்டர் ஒருவர் கோடு கிழித்த தன் டம்ளரின் படத்தைப் போட்டு, "நம்ம தொட்டி 60,000. கோடு சரியா பாருங்க" என்று எழுதினார். அதற்கு மூன்று ஊர்க்காரர்கள் பதில் போட்டார்கள். நான் பார்க்கும்போது விவாதமே முடிந்திருந்தது. 240 கிராம்தான், சரியாகவே சொல்லியிருந்தார்கள்.

இப்போது யாராவது ஊராட்சிப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் முதலில் சில நிபந்தனைகள் சொல்கிறேன். பட்டியலில் டேங்க் ஆபரேட்டர், தூய்மைக் காவலர், மகளிர் குழுக் கணக்காளர் பெயர்கள் இருக்க வேண்டும், அவர்களுக்கும் அதே பயணப்படி, அன்றைய கூலியும் சேர்த்து. இடம் ஊராட்சி அலுவலகம் அல்லது தொட்டியடி, கூட்டரங்கு வேண்டாம். ஒரு அமர்வுக்கு ஒரு வேலைதான். ஒரு மாதம் கழித்து நான் திரும்பி வருவதற்கான செலவை இப்போதே பட்ஜெட்டில் எழுத வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் பெரும்பாலும் பேச்சு நின்றுபோகிறது. "திரும்ப வர்றதுக்கு ஹெட் இல்லையே சார்" என்பார்கள், பட்ஜெட்டில் அதற்குச் செலவுத் தலைப்பு இல்லை என்று அர்த்தம். கையேடு அச்சடிக்க வைத்திருக்கும் ஹெட்டிலிருந்து எடுங்கள் என்பேன். சிலர் எடுத்திருக்கிறார்கள்.